பெரிய மருமகன்

கிண்ணியாவில் ஆண்பிள்ளைக்குச் சொந்த வீடு கிடையாது. இதைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன். பிறந்த வீடு சகோதரிக்குப் போய்விடும். வாழப்போகிற வீடு மனைவியின் பேரில் இருக்கும். மாப்பிள்ளை என்பவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்குவார். இறங்கிய நாள் தொடக்கம் அவர்தான் அந்த வீட்டு ராசா. நல்ல பாய் அவருக்கு, சுடுசோறு அவருக்கு, மீனில் நடுத்துண்டு அவருக்கு. ஆனால் அரண்மனை மாமியாருடையது. ராசா கொஞ்சம் கவனமாகத்தான் இருமவேண்டும்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் குறிஞ்சாக்கேணியிலிருந்து அலியார் அப்படித்தான் வந்து இறங்கினார். மேசன் வேலை அவருக்கு. பெட்டிக்குள் இரண்டு சாறனும் ஒரு தொப்பியும், சாந்து பூசுகிற கரண்டியும் தூக்குக்குண்டும் இருந்தன. ஸாலிஹா உம்மாவின் மூத்த மகள் பல்கீஸைக் கட்டிக்கொண்டார். ஸாலிஹா உம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டும் பெண்கள். இளையவள் றுக்கியா அப்போது கோழிக்குஞ்சுக்குப் பின்னால் ஓடித்திரிந்த சின்னப்பிள்ளை. ஆண்பிள்ளை இல்லாத வீடு.

அலியாருக்கு உம்மா இல்லை. நடக்கத் தொடங்குமுன்னே உம்மா மவுத்தாகிவிட்டா. வாப்பாவின் சகோதரி ஒருத்தி சோறு போட்டு வளர்த்தா, கையில் எடுத்துக் கொஞ்சவில்லை. அதனால் கல்யாணம் பேசி வந்தபோது அலியார் பெண்ணைப் பற்றி விசாரித்ததைவிட மாமியைப் பற்றித்தான் கூட விசாரித்தார். நல்ல மனுஷி, மகனே என்பதைச் சுருக்கி வாய்க்கு வாய் மனே, மனே என்று கூப்பிடுகிற மனுஷி என்று தரகர் சொன்னார். அந்த ஒரு கதையில் அலியார் விழுந்துவிட்டார். தன்னையும் ஒரு பொம்பளை முகத்துக்கு நேரே பார்த்து மனே என்று கூப்பிடப்போகிறா என்று வெட்கத்தை விட்டு ஆசைப்பட்டார்.

தரகர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மூத்த மருமகனுக்கு முன்னால் மாமி வரமாட்டா. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. மருமகன் வாசலில் இருமினால் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவா. சமைக்கிற குசினியின் வாசலில் ஒரு பூப்போட்ட சீலை தொங்கும். மாமி அதற்கு அங்கால், மருமகன் இங்கால். கதை எல்லாம் மகளுக்கூடாகத்தான் போகும்.

“பல்கீஸ், உன்ட மாப்பிளட்டக் கேளு, கறிக்கு உப்புக் காணுமாமா, இன்னும் போடட்டாமா?”

அலியார் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் சீலைக்குப் பின்னால் மாமி நிற்பா. அவவின் கால்விரல்கூட சீலைக்குக் கீழே தெரியும். இருந்தாலும் அலியார் பல்கீஸைப் பார்த்து, “காணும் எண்டு சொல்லு” என்பார்.

“காணுமாம் உம்மா.”

“இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டாமா எண்டு கேளு.”

இப்படிப் பத்து வருஷம் போனது. பல்கீஸ் தபால்காரி மாதிரி நடுவில் நின்று நின்று அலுத்துவிட்டாள். ஒருநாள், “நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிங்க, நான் தண்ணி அள்ளிட்டு வாறன்” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சோறு ஆறிப்போனது.

அலியாருக்கு இதில் பெரிய மனக்குறை இருந்தது. ஆனால் பொறாமை இல்லை. மாமிமார் எல்லோரும் மருமகனுக்கு இப்படித்தானே, ஊர் முழுக்க இப்படித்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வழியிருந்தது. பொறாமைப்பட இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஐம்பத்தொன்பதாம் வருஷம் பாதையில் வந்து இறங்கினான்.

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் மிதவை. திருகோணமலை டவுனிலிருந்து வருகிற பஸ், வண்டில், ஆடு, ஆள், அரிசி மூட்டை எல்லாம் கடல்வாயில் வந்து நிற்கும். பாதைக்காரர் ஏற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்து இக்கரை சேர்ப்பார்கள். துறையடியில் மஹ்ரூப்பின் தேத்தண்ணிக் கடை. பாதை வரும்வரை காத்துக்கிடக்கிற ஊருக்கு வேறென்ன வேலை? அக்கரையிலிருந்து யார் வருகிறான், கையில் என்ன கொண்டுவருகிறான், போனதரம் போட்ட செருப்பா இது புதுச் செருப்பா என்று பார்ப்பதுதான் வேலை. கிண்ணியாவைப் பொறாமை பிடித்த ஊர் என்று டவுனில் சொல்வார்கள். பொறாமை எல்லாம் இல்லை, கண் நல்லாகத் தெரியும், அவ்வளவுதான். இரவில் குடாவுக்கு அங்கால் துறைமுகத்தின் மின்வெளிச்சம் வரிசையாக எரிவதை நாங்கள் குப்பிவிளக்கை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் பார்த்தோம்? கண் தெரியாமல் என்ன செய்யும்?

வந்தவன் பேர் ஸஹாப்தீன். டவுன் பிள்ளை. துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகில் வேலை. வெள்ளைக்காரனின் கடற்படை அப்போதுதான் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டை நம்பியிருந்த எத்தனையோ பேர் வேலை இழந்து வலையும் மண்வெட்டியும் தூக்கிய நேரம். அந்த நேரத்திலும் ஸஹாப்தீனுக்கு வேலை நிலைத்தது. சாறன் இல்லை, களிசான் போட்டிருந்தான். மணிக்கூடு கட்டியிருந்தான். றுக்கியாவுக்கு மாப்பிள்ளை இவன்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் வந்து இறங்கிய கல்வீட்டைக் கட்டியதே அலியார்தான். எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு எழும்பவேண்டும். பல்கீஸுக்குக் கொடுத்தது மண்சுவரும் கிடுகுக் கூரையும். பிறகு மாமனார் தென்னந்தோட்டத்தில் கொஞ்சம் தேறினார். தேறிய கையோடு மவுத்தாகியும் போனார். றுக்கியாவுக்கு ஓட்டுவீடு கட்டிக்கொடு என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அதே வளவுக்குள், தன் கிடுகு வீட்டுக்கு நேர் எதிரே, அலியார் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டினார். சுவரில் விரலை வைத்தால் வழுக்கும், அப்படிப் பூசினார். சீமெந்துத் தரைக்குச் சிவப்புச் சாயமும் போட்டார். யாருக்கு? இன்னும் வராத ஒருத்தனுக்கு. மாமி தன் பெட்டி படுக்கையையும் அந்தப் பூப்போட்ட சீலையையும் தூக்கிக்கொண்டு இளையவளோடு அங்கேயே போய்விட்டா. கடைசி மகளோடு இருப்பதுதான் வழக்கம், அதையும் குறை சொல்ல ஏலாது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில்தான் அது நடந்தது. அலியார் தன் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார். எதிரே கல்வீட்டின் குசினி யன்னல் திறந்திருந்தது. ஸஹாப்தீன் எழும்பி வந்தான், நேரே சீலையை விலக்கினான், குசினிக்குள் போனான், சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

“மாமி, பசி உயிர் போகுது. என்ன ஆணம் இது?”

அலியாருக்குப் பல் விளக்கிய கை நின்றுவிட்டது. முடிந்தான் இவன், மாமி இப்போது கத்தப்போகிறா என்று காத்திருந்தார். மாமி முக்காட்டை இழுத்தா. சுவர்ப்பக்கம் திரும்பினா. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாவாக்கும் என்று நினைத்தார். அழவில்லை, சிரித்தா.

“மூடிய வைடா அங்கால! ஆலாப் பறந்தவன் மாதிரி. இரு, தாறன்.”

டா போட்டுவிட்டா. வந்து ஒரு நாள்கூட முழுசாகப் போகவில்லை, அவனுக்கு டா கிடைத்துவிட்டது! அலியார் வாயிலிருந்த தண்ணீரைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த எரிச்சல்தான். அதற்குப் பிறகு அவருக்குக் காதும் கண்ணும் எதிர்வீட்டில்தான். மாமி அவனைக் கூப்பிடுகிற குரல் கேட்டால் இங்கே சோறு இறங்காது. “டேய் ஸஹாப்தீன், கோழிக்கூட்டத் திறந்து விடு மனே.” “மனே, இந்தத் தேங்காய உரிச்சுத் தந்துட்டுப் போ.” “எங்கடா சுத்திப்போட்டு வாறாய்?” ஒவ்வொரு மனேக்கும் அலியாருக்குள் ஒரு குத்து. அவனோ கப்பலிலிருந்து பிஸ்கட் தகரம் கொண்டுவந்தான், அப்பிள் கொண்டுவந்தான், அடுத்த வருஷம் ஒரு றேடியோவே கொண்டுவந்தான். மாலையில் வளவு நிறைய சனம். மாமி றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, “என்ட மருமகன் கொண்டந்தது” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. என்ட மருமகன்! அப்போது எதிர்வீட்டில் இருக்கிறது யாராம்? வாடகைக்கு வந்தவரா?

“உங்களுக்கு எரியுதா?” என்று பல்கீஸ் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“எனக்கென்ன எரியுது?”

“பின்ன ஏன் மூஞ்சி கொட்டப் பாக்கு மாதிரி இருக்கு?”

“அவன் குசினிக்குள்ள போறான் புள்ள. உன்ட உம்மா சிரிச்சிட்டு நிக்கிறா.”

“அவன் டவுன் ஆள். மரியாத தெரியாது. நீங்க அப்பிடியா? உங்களுக்கு உம்மா எவ்வளவு மரியாத தாறா?”

“மரியாதய வைச்சு நான் என்ன செய்ய?” என்று அலியார் கத்தினார். பல்கீஸ் ஒன்றும் விளங்காமல் போனாள். விளக்கிச் சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை. வயது முப்பதைத் தாண்டிய ஆம்பிளை, நாலு பிள்ளைக்கு வாப்பா, எனக்கு உன் உம்மா மனே என்று கூப்பிடவேண்டும் என்று எப்படிச் சொல்வது?

சொல்லாமல் ஒன்று செய்தார். அது சொல்வதைவிடக் கேவலமாக முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த கையோடு, துணிவை எடுத்துக்கொண்டு நேரே கல்வீட்டுக்குள் போனார். தான் வைத்த நிலை, தான் பூசிய சுவர், என்ன பயம்? பூப்போட்ட சீலையை விலக்கினார். மாமி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தா. அலியார் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார்.

“மாமி, பசி உயிர் போகுது. என்ன ஆணம்?”

மாமியின் கையிலிருந்த அகப்பை அடுப்புக்குள் விழுந்தது. “யா அல்லாஹ்!” என்ற ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த வயதில் அப்படி ஓட முடியுமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பின்வாசலால் பாய்ந்து, விறகுக் கட்டில் கால் இடறி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டா. கோழிகள் கத்திய கத்தில் அயல் வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. என்ன, ஏது, கள்ளனா? பெரிய மருமகன் குசினிக்குள்ள போயிட்டாராம்! அஸர் தொழுகைக்கு முன்னமே கதை துறையடிக்குப் போய்விட்டது. மஹ்ரூப் கடையில் தேத்தண்ணி குடித்தவர்களுக்கு அன்றைக்குச் சீனி தேவைப்படவில்லை.

மாமி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. என்ன பிழை கண்டு பெரிய மருமகன் இப்படித் தன்னைக் கேவலப்படுத்த வந்தார் என்று அழுதாவாம். பல்கீஸ் புருஷனைப் பார்த்த பார்வையைச் சொல்லாமல் விடுவது நல்லது. ஸஹாப்தீன் மட்டும் வேலியடியில் வந்து நின்று, அண்ணனைக் கூப்பிடுகிற முறையில், “காக்கா, நான் எண்டா ஒண்டும் சொல்லமாட்டா. உங்களுக்கு எண்டா அவவுக்குப் பயம்” என்றான். ஆறுதல் சொல்லத்தான் வந்தான். அலியாருக்கு அது புண்ணில் புளி விட்ட மாதிரி இருந்தது. அடுத்த கிழமை மாமி பூப்போட்ட சீலையைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் புகாத தடித்த சீலை ஒன்றைப் போட்டா. இப்போது கால்விரலும் தெரியவில்லை.

பிறகு வந்ததுதான் அறுபத்துநாலாம் வருஷத்துச் சூறாவளி. கடல், டவுனையும் எங்களையும் வேறுவேறாகப் பார்க்கவில்லை, எல்லோரையும் ஒரே போடாகப் போட்டது. மார்கழி மாதம். பின்னேரமே வானம் கறுத்து, மஃரிபுக்குப் பாங்கு சொன்ன சத்தமே கேட்காத அளவுக்குக் காற்று எழும்பிவிட்டது. களப்புத் தண்ணீர் ஒழுங்கைகளுக்குள் ஏறியது. அலியாரின் கிடுகுக் கூரை முதல் வீச்சிலேயே போனது. பல்கீஸையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார். மேட்டில் நின்ற கல்கட்டடம் அதுதான். வழியில் ஸஹாப்தீனைக் கண்டார். மாதம் நிறைந்த றுக்கியாவை ஒரு கையில் தாங்கி, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அவனும் போனான்.

“மாமி எங்க?” என்று அலியார் கத்தினார்.

“உள் அறையில. இவள விட்டுட்டுத் திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தநான்.”

பல்கீஸைப் பள்ளிவாசலுக்குள் விட்ட அலியார் நிற்கவில்லை. ஸஹாப்தீன் றுக்கியாவைப் படுக்கவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். அலியார் இடுப்பளவு தண்ணீரில் திரும்பி ஓடினார். அதில் பாசமும் இருந்தது, இந்த ஒரு தடவையாவது அவனை முந்தவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. எது கூட என்று அவரைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

கல்வீட்டின் ஓடுகள் பறந்துகொண்டிருந்தன. சுவர் நின்றது. உள் அறையில் கும்மிருட்டு. மாமிக்கு அந்த நாளிலேயே கண் புகைச்சல், விளக்கிருந்தாலும் ஆள் அடையாளம் மட்டுமட்டு. கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு, யாரோ தண்ணீரை அடித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் கூப்பிட்டா.

“ஸஹாப்தீன்! வந்திட்டியா மனே?”

அலியார் வாசலில் அப்படியே நின்றார். சாகப்போகிற நேரத்திலும் அவன் பேர்தானா? ஒரு நிமிஷம், பொல்லாத ஒரு நிமிஷம், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட மனசு சொன்னது. உன் ஸஹாப்தீன் வந்து தூக்கட்டுமே! பிறகு நான்தான் மாமி, அலியார் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. கோழிக்கூடு ஞாபகம் வந்துவிட்டது. அலியார் என்று தெரிந்தால் இந்த மனுஷி கட்டிலிலிருந்து தண்ணீருக்குள் குதித்தாலும் குதிப்பா, முதுகில் ஏறமாட்டா.

ஒன்றும் பேசாமல் போய் முதுகைக் கொடுத்தார். மாமி கழுத்தைக் கட்டிக்கொண்டா.

வெளியே வந்ததும் காற்று முக்காட்டைப் பறித்துக்கொண்டு போனது. மாமி அலறினா. நனைந்த நரைமுடி அலியாரின் முகத்தில் அடித்தது. தென்னைமட்டைகள் தண்ணீரில் மோதின. ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். காதுக்குள் வாயை வைத்து மாமி பேசிக்கொண்டே வந்தா. பயத்தில் பேசுகிற பேச்சு.

“நீ என்ட மகன்டா ஸஹாப்தீன். வயித்தில சுமந்த புள்ளயும் இப்பிடிச் சுமக்காது. மனே, என்ட மனே.”

பதினைந்து வருஷம் காத்திருந்த சொல் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. ஆனால் மேலே வேறொருத்தன் பேர் இருந்தது. அலியார் மழையோடு மழையாக அழுதார். “ம்” என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனதும் மாமியின் பேச்சு மாறியது. “மனே, ஒண்டு சொல்றன் கேளு. பெரிய மருமகனுக்கு மட்டும் இதச் சொல்லிராத. தலையில சீல இல்லாம நான் கிடந்தது அவருக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா நான் மவுத்தாகிருவன். அல்லாஹ்வுக்காகச் சொல்லாத.”

“ம்” என்றார் பெரிய மருமகன்.

பள்ளிவாசல் மதிலடியில் ஸஹாப்தீன் எதிரே வந்தான். கண்டதும் கத்தப் போனான். அலியார் தலையை ஆட்டி, வாயில் விரல் வைக்கக் கை இல்லாமல், கண்ணாலேயே கெஞ்சினார். உள்ளே விளக்கு எரிகிறது, சனம் நிற்கிறது. மாமியை மதில் கட்டின் மேல் மெல்ல இறக்கிவிட்டு, ஸஹாப்தீனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, தான் இருட்டுக்குள் விலகிக்கொண்டார்.

“ஏன்டா இறக்கினாய்?” என்று மாமி பதறினா.

ஸஹாப்தீன் அலியாரைப் பார்த்தான். பிறகு, “மூச்சு வாங்குது மாமி” என்றான். தன் சேர்ட்டைக் கழற்றி அவவின் தலையில் போட்டான். தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அதோடு முடிந்தது கதை. அதாவது, கிண்ணியாவின் கதை அங்கேதான் தொடங்கியது. சூறாவளியில் மாமியை முதுகில் சுமந்து வந்த மருமகன் என்று ஸஹாப்தீனின் பேர் ஊரெல்லாம் பரவியது. மஹ்ரூப் கடையில் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தண்ணீர் ஒரு முழம் ஏறியது. கழுத்தளவு வந்தது, பிறகு நீந்தியே வந்தான் என்றார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள், மருமகன் கிடைத்தால் ஸஹாப்தீன் மாதிரிக் கிடைக்கவேண்டும் என்று துஆக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த அலியாரைப் பார்த்து ஒருத்தர், “ஏன் காக்கா, நீங்க அந்த நேரம் எங்க நிண்ட?” என்றும் கேட்டார். அலியார் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினார். தான் செய்ததைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற நிலை உலகத்தில் வேறு யாருக்கு வந்திருக்கும்?

ஸஹாப்தீன் நல்லவன். இரண்டு மூன்று தடவை உடைத்துவிடப் பார்த்தான். “காக்கா, எனக்குக் கூச்சமா இருக்கு. சொல்லிருவம்.” அலியார் விடவில்லை. “சொன்னா மாமி உயிரோட இருக்கமாட்டா. வாயப் பொத்து.” மாமியோ அதற்குப் பிறகு அவனுக்கு இன்னும் இரட்டிப்பு வேலை வைத்தா, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டா. அலியார் முற்றத்தில் செருமினால் முன்பைவிட வேகமாகச் சீலைக்குப் பின்னால் ஒளிந்தா.

வருஷங்கள் போயின. சீனக்குடாப் பக்கம் மாவு ஆலை வரப்போகிறது, இனி எல்லோருக்கும் வேலை என்று டவுனிலிருந்து கதை வந்துகொண்டிருந்த நாளில் ஸாலிஹா உம்மா மவுத்தானா. எழுபத்தேழாம் வருஷம். ஜனாஸாவை வைத்த சந்தூக்கு மையவாடிக்குப் போனது, சனம் நிறைய. பெண்பிள்ளையின் ஜனாஸாவைக் கபுறுக்குள் இறக்க நெருங்கிய உறவு ஆண்கள்தான் இறங்கவேண்டும். மகன் இல்லை, சகோதரன் இல்லை. தொழுவித்த லெப்பை திரும்பிப் பார்த்தார்.

“மருமக்கள் ரெண்டு பேரும் இறங்குங்க. தலைமாட்டில ஸஹாப்தீன் நிக்கட்டும். சூறாவளிக்குத் தூக்கின தோள் அது.”

ஆமாம், ஆமாம் என்று சனம் சொன்னது. அலியார் சாறனை மடித்துக் கட்டினார். இதுவும் அவனுக்கா? இந்தக் கடைசியுமா? கால்மாட்டுப் பக்கம் இறங்கினார்.

ஸஹாப்தீன் மேலேயே நின்றான். முகம் சிவந்திருந்தது. “இல்ல. நான் தலைமாட்டுக்கு மாட்டன். அது காக்காட இடம்” என்றான். சொன்னதோடு அவன் இறங்கிக் கால்மாட்டில் நின்றுகொள்ள, அலியார் நகரவேண்டியதாயிற்று. மாமியின் தலை அவர் கைகளில் வந்தது. சூறாவளியன்று இருந்ததைவிடப் பாரம் குறைவாக இருந்தது.

மேலே சனம் குசுகுசுத்தது. “பாத்தீங்களா ஸஹாப்தீன்ட மனச? மூத்தவருக்கு விட்டுக் கொடுத்திட்டான்.” அந்தப் பேரும் அவனுக்கே போனது. குழிக்குள் நின்றுகொண்டே அலியாருக்கு எரிந்தது. அந்த இடத்தில்கூட மனுஷனுக்கு எரிகிறதே என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

மண் போட்டு முடிந்து சனம் கலைந்தது. இரண்டு பேரும் பின்தங்கி நடந்தார்கள்.

“காக்கா, ஒண்டு கேக்கட்டா?”

“கேளு.”

“அண்டைக்கு உங்கட முதுகில வரக்குள்ள மாமி என்ன சொன்னா? நான் எண்டு நினைச்சுத்தானே கதைச்சிருப்பா.”

அலியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “காத்துச் சத்தம். ஒண்டும் விளங்கல்ல” என்றார்.

ஸஹாப்தீனின் முகம் விழுந்தது. “மாமி எனக்கு ஒரு நாளும் ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்ல. டேய் விறகு கொத்து, டேய் கூட்டத் திற. ஏச்சும் வேலையும்தான். எனக்கிட்ட என்னத்துக்கு நல்லதாச் சொல்லவேணும் எண்டு நினைச்சிருப்பா. அண்டைக்கெண்டாலும் சொல்லியிருப்பாவோ எண்டு பதின்மூண்டு வருசமா யோசிச்சிட்டு இருக்கன்.”

இவன் முகம் இப்படி விழவேண்டும் என்றுதான் அலியார் இத்தனை காலமும் ஆசைப்பட்டார். இப்போது விழுந்துவிட்டது. அவனிடம் இல்லாதது ஒன்று கடைசியாகத் தன் கையில் இருக்கிறது. நாலைந்து அடி நடக்கும்வரை அது இனித்தது. பிறகு இனிக்கவில்லை. அது அவனுக்கு என்று சொன்ன சொல். அவன் பேர் சொல்லிச் சொன்ன சொல். இவ்வளவு காலமும் வைத்திருந்தது போதும் என்று நினைத்தார்.

“மகன் எண்டு சொன்னா” என்றார் அலியார். “நீ என்ட மகன்டா ஸஹாப்தீன் எண்டா. வயித்தில சுமந்த புள்ளயும் இப்பிடிச் சுமக்காது எண்டா. உன்ட பேரச் சொல்லித்தான் சொன்னா.”

ஸஹாப்தீன் ஒழுங்கை நடுவில் நின்றுவிட்டான். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அலியார் அவன் முதுகில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“உங்களப் பத்தி ஒண்டும் சொல்லல்லியா?”

“சொன்னா. பெரிய மருமகனுக்கு மட்டும் சொல்லிராத எண்டா. தலையில சீல இல்லாம கிடந்தது எனக்குத் தெரிஞ்சா அவ மவுத்தாகிருவாவாம்.”

“அப்பிடியா சொன்னா?”

“அல்லாஹ்வுக்காகச் சொல்லாத எண்டு அழுதா.”

ஸஹாப்தீன் தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டான். “எனக்கு முன்னால எத்தின தரம் முக்காடு விழுந்திருக்கு காக்கா” என்று மெதுவாகச் சொன்னான். “எடுத்துப் போடவேணும் எண்டுகூட அவ நினைச்சதில்ல. எனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன.” சொல்லிவிட்டு அலியாரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தான்.

அலியாருக்கு அந்தப் பார்வையை நன்றாகத் தெரியும். அதைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் அந்த வளவுக்குள் திரிந்தவர் அவர்.

“என்னடா பாக்கிறாய்?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்ல” என்று சொல்லிவிட்டு ஸஹாப்தீன் விறுவிறென்று முன்னால் நடந்தான்.